அப்பா ‘ஓ’, அம்மா ‘ஓ’, பிள்ளை ‘ஏ’

பள்ளி அடையாள அட்டைக்காகப் பிள்ளையின் ரத்த வகையைப் பார்க்கிறார்கள். ‘ஏ பாசிட்டிவ்’ என்று வருகிறது. அப்பா ஓ. அம்மாவும் ஓ. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பையன் ஒருவன் வீட்டில் இருந்தால் போதும், “அப்படி வராதே” என்று சொல்லிவிடுவான். பாடப்புத்தகப்படி அவன் சொல்வது சரிதான். ஓவும் ஓவும் சேர்ந்தால் பிறப்பது ஓ. அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் யாரை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் மூன்று பேருக்கும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எங்கேயாவது யாரோ தவறாக எழுதியிருப்பார்கள். ஆனால் மறுபடியும் அதே முடிவு வந்தால்? அப்போதும் அந்த அம்மா மீது பழி போட அவசரப்பட வேண்டாம். இப்படி நடப்பதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது. அதை முதன்முதலாகக் கண்டறிந்ததே நம் நாட்டில்தான்.

அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படை வேண்டும். மரபணு என்பது உடம்புக்கான ஒரு செய்முறைக் குறிப்பு. பெரும்பாலும் ஒரு மரபணு, ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்கிறது. மனிதரிடம் இப்படி ஏறக்குறைய 20,000 குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டு பிரதிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று சரியாகவும் மற்றது எழுத்துப் பிழையோடும் இருக்கலாம். பல சமயம் ஒரு நல்ல பிரதி இருந்தாலே வேலை நடந்துவிடும். அப்போது பிழையான பிரதி வெளியே தெரியாது. இதைத்தான் ஓங்கு, ஒடுங்கு என்று பள்ளியில் படித்தோம்.

ரத்த வகையை முடிவு செய்யும் மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிவப்பணுவின் மேல்பரப்பில் சர்க்கரைகளால் ஆன சின்னச் சின்னச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏ வகை மரபணு செய்யும் நொதி அந்தச் சங்கிலியின் நுனியில் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டும். பி வகை மரபணுவின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டும். ஓ வகை மரபணுவின் நொதி எதையும் ஒட்டாது, அது பழுது. ஏ, பி இரண்டும் இருந்தால் இரண்டு சர்க்கரையும் ஒட்டும், அது ஏபி. இரண்டு பிரதியும் ஓவாக இருந்தால் சங்கிலி மொட்டையாக நிற்கும். அதனால்தான் ஓவும் ஓவும் சேர்ந்தால் ஓ.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. ஏ நொதி எதன் நுனியில் சர்க்கரையை ஒட்டுகிறது? அந்த நுனியைத் தயார்செய்தது யார்?

அது இன்னொரு மரபணுவின் வேலை. 19ஆம் குரோமோசோமில், வேறொரு ஊரில் இருப்பதுபோல, இருக்கிறது. அதற்கு ஹெச் மரபணு என்று பெயர். சங்கிலியின் கடைசியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை அது ஒட்டி வைக்கிறது. அந்த ஃபியூகோஸ் இருந்தால்தான் ஏ நொதிக்கும் பி நொதிக்கும் பிடிமானம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்வோமே, ஹெச் என்பது சுவர். ஏயும் பியும் சித்திரங்கள். ஓ என்பது சித்திரம் எழுதாத வெறும் சுவர்.

ஒருவருக்கு ஹெச் மரபணுவின் இரண்டு பிரதியுமே பழுதாக இருந்தால் சுவரே எழும்பாது. ஓவியர் தூரிகையோடு வந்து நின்றாலும் எழுத இடமில்லை. அவரிடம் ஏ மரபணு நல்ல நிலையில் இருக்கலாம், அதன் நொதியும் உருவாகலாம், ஆனால் சிவப்பணுவில் ஏ இருக்காது. சோதனைச்சாலையில் வழக்கமான இரண்டு சொட்டு மருந்துகளைக் கலந்து பார்ப்பார்கள். ஏயும் இல்லை, பியும் இல்லை. ‘ஓ’ என்று எழுதிவிடுவார்கள்.

நம் கதையில் அந்த அம்மா இப்படிப்பட்டவர். பார்வைக்கு ஓ. உள்ளே ஒரு ஏ மரபணு வெளியே தெரியாமல் இருக்கிறது. அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அப்பா நிஜமான ஓ, அவருடைய ஹெச் மரபணு நன்றாக இருக்கிறது. அவர் பிள்ளைக்குச் சுவரைக் கொடுத்தார், அம்மா சித்திரத்தைக் கொடுத்தார். பிள்ளை ஏ.

1952இல் பெண்டே என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பம்பாயில் கண்ட இந்த விநோத ரத்தத்தைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். அதனால் அதற்குப் பம்பாய் ரத்த வகை என்றே பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவரைக் கண்டாலே பெரிய விஷயம். இது வெறும் புதிர்க்கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பம்பாய் வகைக்காரரின் உடம்பு ஹெச் என்ற சுவரையே அந்நியப் பொருளாகப் பார்க்கும். ‘ஓ தானே’ என்று சாதாரண ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அவருக்கு இன்னொரு பம்பாய் வகைக்காரர்தான் கொடுக்க முடியும். ஓ என்று அறியப்பட்ட ஒருவருக்கு எந்த ஓ ரத்தமும் பொருந்தவில்லை என்று ரத்த வங்கியில் சொன்னால், அடுத்து ஹெச்சைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு மரபணு தன்னோடு சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் இருக்கும் மரபணுவின் விளைவை மறைப்பதற்கு எபிஸ்டாசிஸ் என்று பெயர். இங்கேதான் மாணவர்கள் வழக்கமாகக் குழம்புவார்கள். ஓங்குதன்மை என்பது ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளுக்குள் நடப்பது, ஒரு வீட்டுக்குள் கணவன் மனைவி விவகாரம் மாதிரி. எபிஸ்டாசிஸ் என்பது ஒரு வீட்டுக்காரர் செய்வதால் அடுத்த தெருக்காரரின் வேலை நிற்பது. இரண்டும் ஒன்றில்லை.

ரத்தம் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் லாப்ரடார் நாயைப் பாருங்கள். லாப்ரடாரில் மூன்று நிறம் உண்டு: கறுப்பு, சாக்லேட், மஞ்சள். மூன்று நிறம் என்றதும் ஒரே மரபணுவில் மூன்று வகை இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் இரண்டு மரபணுக்கள் வேலை செய்கின்றன.

முதல் மரபணு, கருஞ்சாயத்தின் தரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அது நன்றாக இருந்தால் சாயம் நல்ல கறுப்பு. இரண்டு பிரதியும் பழுதென்றால் சாயம் கறுக்காமல் சாக்லேட் பழுப்பில் நின்றுவிடும். இரண்டாவது மரபணுவுக்கு எம்சி1ஆர் என்று பெயர். ரோமத்துக்குச் சாயம் தரும் செல்லிடம் ‘கருஞ்சாயம் செய்’ என்ற உத்தரவை வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. அதன் இரண்டு பிரதியும் பழுதென்றால் உத்தரவு போய்ச் சேராது. செல் மஞ்சள் சாயத்தை மட்டும் செய்யும். நாய் மஞ்சள். கறுப்பா சாக்லேட்டா என்ற முதல் மரபணுவின் தீர்ப்புக்கு அங்கே மதிப்பே இல்லை. (மனிதரிடமும் இதே எம்சி1ஆர் உண்டு. ஐரோப்பியர் சிலருக்குச் செம்பட்டை முடி வருவதற்கு அதுவே காரணம்.)

இரண்டு மரபணுவிலும் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி வைத்திருக்கும் கறுப்பு அப்பாவையும் கறுப்பு அம்மாவையும் எடுத்துக்கொள்வோம். குட்டிகளுக்கு 16 விதச் சேர்க்கை சாத்தியம். மெண்டல் பட்டாணியில் பார்த்த 9:3:3:1 இங்கேயும் அடியில் இருக்கிறது. ஆனால் வெளியே தெரிவது 9 கறுப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள். கடைசி மூன்றும் ஒன்றும் ஒரே நிறமாகிவிட்டன. கட்டம் போட்டு ஒருமுறை நீங்களே எண்ணிப் பாருங்கள், படித்துப் புரிவதைவிட அது சீக்கிரம் புரியும்.

அந்த மஞ்சள் நாய்களுக்குள் மறைந்திருக்கும் முதல் மரபணுவைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். மூக்கைப் பார்க்க வேண்டும். எம்சி1ஆர் பழுது ரோமத்தைத்தான் மஞ்சளாக்குகிறது, மூக்குத் தோலில் கருஞ்சாயம் வழக்கம்போல் உருவாகும். அதனால் கறுப்பு மரபணு உள்ள மஞ்சள் நாய்க்கு மூக்கு கறுப்பு. சாக்லேட் மரபணு உள்ள மஞ்சள் நாய்க்கு மூக்கு பழுப்பு. எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து, தெருவில் மஞ்சள் லாப்ரடார் எதிரே வந்தால் முதலில் மூக்கைத்தான் பார்க்கிறேன். நாய்க்காரர் என்னைத் தவறாக நினைத்துக்கொள்வதும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. சாக்லேட் நாயையும் கறுப்பு மூக்குள்ள மஞ்சள் நாயையும் சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் கறுப்பாகப் பிறக்கலாம். சாக்லேட்டிடம் உத்தரவு இருக்கிறது, கறுப்புச் சாயம் இல்லை. மஞ்சளிடம் கறுப்புச் சாயத்துக்கான மரபணு இருக்கிறது, உத்தரவு இல்லை. குட்டிக்கு இரண்டும் கிடைத்துவிடுகிறது.

இதே கணக்கைப் பூவில் பார்த்தவர்கள் வில்லியம் பேட்சனும் ரெஜினால்ட் பன்னட்டும். மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சாகி 1900 வரை யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர் கேம்பிரிட்ஜில் இருந்த பேட்சன். ‘ஜெனடிக்ஸ்’ என்ற சொல்லே 1905இல் அவர் உருவாக்கியது. அவர்கள் வெள்ளைப் பூ பூக்கும் ஸ்வீட் பீ செடிகள் இரண்டைக் கலந்தார்கள். பிறந்த செடிகள் அத்தனையும் ஊதா! அந்த ஊதாக்களைத் தங்களுக்குள் கலந்தால் 9 பங்கு ஊதா, 7 பங்கு வெள்ளை.

சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். ஒரு வீட்டில் கிரைண்டர் பழுது. அடுத்த வீட்டில் அடுப்பு பழுது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வீட்டிலும் தோசை கிடையாது. அடுப்பை இங்கிருந்தும் கிரைண்டரை அங்கிருந்தும் எடுத்துச் சேர்த்தால் தோசை உண்டு. ஊதாச் சாயம் தயாராக இரண்டு படிகள் வேண்டும், இரண்டையும் இரண்டு வெவ்வேறு மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு வெள்ளைச் செடிக்கு முதல் படி பழுது, மற்ற வெள்ளைச் செடிக்கு இரண்டாம் படி பழுது. இரண்டும் வெளியே ஒரே வெள்ளை. காரணம் வேறு வேறு.

பூவோடு இது நின்றுவிடுவதில்லை. பிறவியிலேயே காது கேளாத இருவர் திருமணம் செய்துகொண்டால் பிள்ளைக்கும் கேட்காது என்று சொந்தக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். பல வீடுகளில் பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள். செவித்திறனோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அப்பாவுக்குப் பழுதான மரபணு ஒன்று, அம்மாவுக்குப் பழுதானது வேறொன்று என்றால் பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பிரதி வந்துவிடும். ஸ்வீட் பீ ஊதாவாகப் பூத்த அதே கணக்கு. இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது என்றால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்காமல் போகும்.

அந்த ‘ஒரே மரபணு’ என்பதில்தான் தமிழ்நாட்டுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. இங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாகத் தங்கள் மரபணுப் பிரதிகளில் எட்டில் ஒரு பங்கை ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வாங்கியவர்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடம் ஒரு பழுதான பிரதி இருந்தால் அது இரண்டு கிளை வழியாகவும் இறங்கி ஒரே பிள்ளையிடம் வந்து சேர வாய்ப்பு அதிகம். காது கேளாமையிலும் அப்படி. இந்தியாவில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்குக் காரணமாக அடிக்கடி காணப்படும் ஜிஜேபி2 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய மூதாதை ஒருவரிடமிருந்து பரவியது என்று கருதுகிறார்கள். சொந்தத்தில் கட்டினால் நிச்சயம் குறை வரும் என்று நான் சொல்லவில்லை. ‘ஒரே வீட்டில் இரண்டு தடவை கிரைண்டர் பழுது’ ஆவதற்கான வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

கோழிக்கொண்டையைச் சொல்லாமல் பாடப்புத்தகம் விடாது, நானும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் சேர்த்தால் வருவது இரண்டும் இல்லை, வால்நட் பருப்பு மாதிரி மடிப்பு விழுந்த மூன்றாவது வகைக் கொண்டை. அதன் அடுத்த தலைமுறையில் நாலாவதாக நம் நாட்டுக்கோழிகளில் சாதாரணமாகப் பார்க்கும் ஒற்றைக் கொண்டையும் முளைக்கும். இங்கே யாரும் யாரையும் மறைக்கவில்லை. இரண்டு மரபணு சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்கின்றன.

உயரமும் தோல் நிறமும் வேறு ரகம். அங்கே ஒருவர் இருவர் இல்லை, ஊரே கூடித் தேர் இழுக்கிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலைப் பார்த்து, உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மரபணு வேறுபாடுகளைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொன்றும் தம்மால் ஆன மட்டும், மில்லிமீட்டர் கணக்கில், கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அதனால்தான் உயரம் 9:7 என்று பிரியாமல் குட்டை முதல் நெட்டை வரை தொடர்ச்சியாக இருக்கிறது. சாப்பாடும் நோயும் இதில் புகுந்து விளையாடும். தோல் நிறமும் அப்படித்தான் பல மரபணுக்களின் கூட்டல். ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பாகவும் தங்கை மாநிறமாகவும் இருப்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் தேவையில்லை. ஆனால் இந்தத் தேரின் அச்சாணி ஒன்று உண்டு. டைரோசினேஸ் என்ற நொதி நிறமி தயாரிப்பில் முதல் படியைச் செய்கிறது. அதன் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் மற்ற நிற மரபணுக்கள் என்ன சொன்னாலும் தோலும் முடியும் வெளுத்தே இருக்கும். அல்பினிசத்தில் ஒரு வகை இது. மறுபடியும் சுவர், சித்திரம்.

கடைசியாக ஒன்று, எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகப் பிடித்தது. பம்பாய் ரத்த வகை பற்றி எழுதப்பட்ட அதே 1952இல், லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் அதைக் கண்ட முதல் பதிவுகளில் ஒன்று அது. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வரும் நோய். ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் கம்பிபோல் கோத்துக்கொண்டு, வட்டமான சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடும். அந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். வலி தாங்க முடியாது.

ஒரே எழுத்து, ஒரே பிழை. ஆனால் நோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் மாதம் தவறாமல் மருத்துவமனையில் கிடப்பார். இன்னொருவர் ஓரளவு சாதாரணமாக நடமாடுவார். காரணங்களில் முக்கியமானது கருவில் இருந்தபோது நமக்கிருந்த ஹீமோகுளோபின். தாய் வயிற்றில் நாம் வேறொரு வகை ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறோம், அதற்கென்று தனி மரபணு உண்டு. பிறந்து சில மாதங்களில் அது அடங்கிவிடும். அதனால்தான் இந்த நோயோடு பிறந்த குழந்தை முதல் சில மாதம் நன்றாகவே இருக்கும். அரிவாள் ஹீமோகுளோபின் கம்பி கோக்க விடாமல் கருக்கால ஹீமோகுளோபின் நடுவில் புகுந்து தடுக்கிறது. சிலருக்கு அது பெரியவரான பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவர்களுக்கு நோயின் வேகம் குறைவு. இந்தியாவில் அரிவாள் மரபணு உள்ளவர்கள் பலரிடம் இந்த மிச்சம் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காண்பதைவிட அதிகம்.

கருக்கால ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கி வைப்பது யார் என்று தேடியபோது 2ஆம் குரோமோசோமில் பிசிஎல்11ஏ என்ற மரபணு அகப்பட்டது. அப்புறம் நடந்தது கொஞ்சம் தந்திரமானது. அரிவாள் மரபணுவை யாரும் திருத்தப் போகவில்லை. நோயாளியின் எலும்பு மஜ்ஜையைச் சேர்ந்த ரத்த மூலச்செல்களை எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்திரியால் பிசிஎல்11ஏயை ரத்தச் செல்களில் இயக்கும் பொத்தானை மட்டும் வெட்டிவிட்டு, திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். அடக்கி வைத்தவர் வாயடைத்ததும் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி எழுந்துகொண்டது. காஸ்ஜெவி என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டன் இதை அனுமதித்தது, அடுத்த மாதம் அமெரிக்கா. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். கூடலூர் மலையில் இருப்பவருக்கு அது எப்போது எட்டும் என்பது வேறு கேள்வி.

சிகிச்சை பெற்றவரின் ரத்தச் செல்களில் அரிவாள் மரபணு இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, எழுத்துப் பிழை உட்பட. வெட்டியது ரத்த மூலச்செல்லில் மட்டும் என்பதால் விந்தணுவிலும் கருமுட்டையிலும் எதுவும் மாறவில்லை. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அரிவாள் மரபணு போகும், வெட்டப்படாத பிசிஎல்11ஏயும் கூடவே போகும்.